வண்டிக்கு சலான் வந்துவிட்டது, அடுத்து என்ன செய்வது?

டிராஃபிக் சலான் விஷயத்தில் நம்மிடையே இரண்டு வகை ஆட்கள் உண்டு. ஒருவர், மெசேஜ் வந்த ஐந்தாவது நிமிடமே, எந்த வண்டி, எந்த இடம், எதற்காக என்று எதையும் பார்க்காமல் ஜிபேயைத் திறந்து பணத்தைக் கட்டிவிடுவார். இன்னொருவர், "அதெல்லாம் யாரும் வந்து கேட்க மாட்டாங்க" என்று விட்டுவிட்டு, சில வருடம் கழித்து வண்டியை விற்கப் போகும்போது சேர்ந்துபோன சலான்களோடு ஆர்.டி.ஓ. ஆபீஸில் நிற்பார்.

இரண்டு பேருக்குமே நஷ்டம்தான். சலான் என்பது, இந்த நம்பர் வண்டி இந்த நேரத்தில் இந்த இடத்தில் இந்தத் தவறைச் செய்தது என்று போலீஸ் பதிவு செய்யும் புகார், அவ்வளவுதான். செய்தது உண்மை என்றால் பணம் கட்டி முடிக்கலாம், இல்லை என்றால் மறுத்துப் பேசலாம், இரண்டுக்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. பேசாமல் விட்டுவிடுவதற்குத்தான் வழி இல்லை. இங்கே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டில் பைக்கோ காரோ ஓட்டுகிறவர்களுக்கு. லாரி, பஸ், பர்மிட் சமாசாரமெல்லாம் தனிக் கதை, அதற்குள் போகவில்லை.

முன்பு இதைப் பற்றி இவ்வளவு யோசிக்கத் தேவை இருக்கவில்லை. ஹெல்மெட் இல்லையென்றால் 100 ரூபாய், கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் அந்த வருடம் செப்டம்பர் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு அரசு கொஞ்சம் தாமதமாக, 2022 அக்டோபரில், புதிய அபராதத் தொகைகளை அறிவித்தது. அதற்குப் பிறகு ஹெல்மெட் போடாவிட்டால் 1,000, சீட் பெல்ட் போடாவிட்டால் 1,000, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000, இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் முதல் தடவை 2,000, அடுத்த தடவை 4,000. போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓட்டினால் முதலில் 1,000, மறுபடியும் மாட்டினால் 10,000. தனியாகப் பிரிவு சொல்லப்படாத சின்னச் சின்னத் தவறுகளுக்கெல்லாம் 177 என்று ஒரு பொதுப் பிரிவு இருக்கிறது, அதில் முதல் தடவை 500, அடுத்தடுத்து என்றால் 1,500. ஆம்புலன்ஸுக்கு வழி விடாவிட்டால் 10,000. இப்படித் தொகை ஏறியிருக்கும்போது, தப்பாக வந்த சலானைச் சும்மா கட்டுவதும் வலிக்கும், சரியாக வந்த சலானைக் கட்டாமல் சேர்த்து வைப்பதும் வலிக்கும்.

முதல் வேலை: அது நிஜ சலானா?

பணம் கட்டுவதைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் இதைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்றைக்கு வருகிற சலான் மெசேஜ்களில் மோசடிகளும் கலந்துதான் வருகின்றன. வாட்ஸ்அப்பில் தெரியாத நம்பரிலிருந்து ஒரு மெசேஜ் வரும், போலீஸ் லோகோ டிபி-யில் இருக்கும், உங்கள் வண்டி நம்பர்கூடச் சரியாக இருக்கும், "உங்கள் வாகனத்துக்கு அபராதம் விதிக்கப்பட்டுள்ளது, விவரம் அறிய இந்த ஃபைலைத் திறக்கவும்" என்று கூடவே ஒரு ஏபிகே ஃபைல், அதாவது போனில் ஆப்பை நிறுவுகிற ஃபைல், இருக்கும். அதைத் திறந்து இன்ஸ்டால் செய்துவிட்டால் உங்கள் எஸ்எம்எஸ் எல்லாம், அதாவது வங்கி அனுப்புகிற ஓடிபி உட்பட, எதிர்முனையில் இருப்பவன் கைக்குப் போய்விடும். இன்னொரு வகையில் லிங்க் மட்டும் வரும், திறந்தால் பார்ப்பதற்கு அசல் அரசுத் தளம் மாதிரியே இருக்கும், கார்டு நம்பர் கேட்கும்.

இதற்கு ஒரே ஒரு பழக்கம் போதும். மெசேஜில் வந்த லிங்கை எப்போதும் தொடாதீர்கள். பிரவுசரைத் திறந்து மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் தளத்துக்கு நீங்களே போங்கள், முகவரி "கவ் டாட் இன் (gov.in)" என்று முடிகிறதா என்று பாருங்கள். அங்கே சலான் நம்பர், வண்டி நம்பர், லைசென்ஸ் நம்பர் என்று மூன்றில் எதை வைத்தும் தேடலாம். வண்டி நம்பரை வைத்துத் தேடினால் சேசிஸ் நம்பரிலோ எஞ்சின் நம்பரிலோ கடைசி ஐந்து எழுத்துகளைக் கேட்கும், அது ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. அங்கே சலான் இருந்தால் நிஜம். இல்லையென்றால் இரண்டு நாள் கழித்து இன்னொரு தடவை பாருங்கள், அப்போதும் இல்லையென்றால் அந்த மெசேஜைத் தைரியமாக டெலிட் செய்யலாம். போலீஸ் எந்தக் காலத்திலும் ஏபிகே ஃபைல் அனுப்பி அபராதம் வசூலிக்காது.

தெரியாமல் ஏற்கெனவே இன்ஸ்டால் செய்துவிட்டவர்கள், முதலில் போனில் நெட்டை அணைத்துவிட்டு, வேறு போனிலிருந்து வங்கிக்கு அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். அடுத்த அழைப்பு 1930, அதுதான் சைபர் குற்ற உதவி எண். பணம் போயிருந்தால் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது, விடிந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கிவிடாதீர்கள்.

சலானைப் படிப்பது

நிஜ சலான்தான் என்று தெரிந்தாயிற்று. இப்போது அதைத் திறந்து நிதானமாகப் படியுங்கள். நிறையப் பேர் தொகையை மட்டும் பார்ப்பார்கள், அதுதான் அந்தக் காகிதத்தில் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். வண்டி நம்பர் உங்களுடையதா, தேதியும் நேரமும் என்ன, எந்த இடம், எந்தச் சட்டப் பிரிவு, போட்டோ இருக்கிறதா, இவைதான் முக்கியம்.

சலான் இரண்டு விதத்தில் வருகிறது. ஒன்று, ரோட்டில் நிறுத்தி எஸ்.ஐ. கையில் உள்ள கருவியில் அடித்துக் கொடுப்பது, அதில் ஓட்டியவரின் லைசென்ஸ் நம்பரும் ஏறிவிடும். இன்னொன்று கேமரா சலான். நம்பர் பிளேட்டைத் தானாகப் படிக்கும் கேமராக்களைச் சென்னையில் 2019இல் அண்ணா நகர் பக்கம் வைத்தார்கள், அப்புறம் மற்ற இடங்களுக்கும் பரவியது. இது இல்லாமல் போலீஸ்காரரே போனில் போட்டோ எடுத்துப் போடுவதும் உண்டு, பொதுமக்கள் படம் எடுத்து ஆப்பிலோ எக்ஸ் தளத்திலோ அனுப்பி அதன்மேல் போடுவதும் உண்டு. இந்த மாதிரி சலானில் வண்டியை நிறுத்தவே மாட்டார்கள் என்பதால், உங்களுக்கு அது தெரியவருவதே எஸ்எம்எஸ் வந்தால்தான்.

கேமரா சலானுக்கு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்று தனியாக ஒரு விதி 2021இல் சேர்க்கப்பட்டது, அதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. தவறு நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்கிறது அது. வண்டி நம்பர் தெரிகிற மாதிரி தெளிவான படம், வேகம் என்றால் கருவி அளந்த அளவு, தேதி, நேரம், இடம், எந்தப் பிரிவு மீறப்பட்டது, இதெல்லாம் நோட்டீஸில் இருக்க வேண்டும். கேமரா இருக்கிறது என்று ஓட்டுகிறவர்களுக்கு முன்கூட்டியே தெரிகிற மாதிரி போர்டும் வைக்க வேண்டும். சலானில் படமே இல்லை, அல்லது படத்தில் நம்பர் பிளேட்டே தெரியவில்லை என்றால், அது நீங்கள் கேள்வி கேட்க வேண்டிய இடம்.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வண்டியின் நிறம், மாடல், பின்னால் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர், பக்கவாட்டில் உள்ள கீறல் வரை பாருங்கள். கேமரா 8ஐ பி என்றும், பூஜ்யத்தை டி என்றும் படித்துவிடுவது சகஜம், அதிலும் முன்னால் போகிறவன் நம்பரைக் கோலம் போட்ட மாதிரி எழுதி வைத்திருந்தால் அவன் செய்ததற்கு உங்களுக்கு சலான் வரும். உங்களிடம் இருப்பது ஸ்கூட்டி, படத்தில் இருப்பது புல்லட் என்றால், அப்புறம் பேச்சே இல்லை, அது தப்பான சலான்.

தவறு உங்களுடையதுதான் என்றால்

கட்டிவிடுங்கள். நேரடியாகச் சொல்கிறேன், ஹெல்மெட் இல்லாமல் போனது உண்மை, படமும் பளிச்சென்று இருக்கிறது என்றால், அதில் ஓட்டை தேடுவது வீண் வேலை. பரிவாகன் தளத்திலேயே, மொபைலுக்கு வரும் ஓடிபியைக் கொடுத்து, கார்டிலோ யுபிஐ-யிலோ நெட் பேங்கிங்கிலோ கட்டலாம். கட்டி முடித்ததும் ரசீதை டவுன்லோட் செய்து எங்காவது பத்திரப்படுத்துங்கள். இரண்டு மூன்று நாள் கழித்துத் திரும்பத் தளத்துக்குப் போய், அந்த சலான் முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள். இந்தக் கடைசி வேலையை யாரும் செய்வதில்லை.

சில சமயம் பணம் கணக்கிலிருந்து போய்விடும், சலான் நிலுவையிலேயே இருக்கும். பதறிப்போய் இரண்டாவது தடவை கட்டாதீர்கள். தடைப்பட்ட பரிவர்த்தனையின் நிலையைச் சரிபார்க்க அதே தளத்தில் ஒரு வசதி இருக்கிறது, அதில் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்று சலான் முடிந்திருக்கும், இல்லையென்றால் பணம் திரும்பி வந்துவிடும்.

ரோட்டில் நிறுத்திப் போட்ட சலானை அங்கேயே கார்டிலோ க்யூஆர் கோடிலோ கட்டலாம், பிறகும் கட்டலாம். ஆனால் ரொக்கமாகக் கையில் கொடுத்துவிட்டு ரசீது இல்லாமல் வருவது மட்டும் கூடாது. ரசீது இல்லாத பணம் அபராதம் ஆகாது, அது என்ன என்று உங்களுக்கே தெரியும், கொடுப்பதும் குற்றம்தான். இதில் ஒரு வேடிக்கை, சட்டத்தை அமல்படுத்துகிற அதிகாரியே விதியை மீறினால் அவருக்கு இரண்டு மடங்கு அபராதம் என்று 210பி பிரிவு சொல்கிறது. ஹெல்மெட் இல்லாத போலீஸ்காரரைப் பார்க்கும்போது இதை மனசுக்குள் நினைத்துக்கொள்ளலாம், வாய்விட்டுச் சொல்வது உங்கள் தைரியம்.

ஒரு விஷயம் நிறையப் பேருக்குத் தெரியாது. 200ஆவது பிரிவின்படி பணம் கட்டி முடித்துவிட்டால் அந்தத் தவறுக்காக மேற்கொண்டு வழக்கு கிடையாது, சரிதான். ஆனால் லைசென்ஸ் மீதான நடவடிக்கைக்கு அது பாதுகாப்பு ஆகாது, இதையும் அதே பிரிவு சொல்கிறது. ஹெல்மெட் இல்லாமல் ஓட்டினாலும், மூன்று பேர் பைக்கில் போனாலும், அபராதம் 1,000 என்பதோடு மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பும் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அதிவேகம், சிக்னல் தாண்டுவது, போதையில் ஓட்டுவது, போன் பேசிக்கொண்டு ஓட்டுவது போன்றவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்திவைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015லேயே மாநிலங்களுக்கு உத்தரவு போட்டது. எல்லாருக்கும் அப்படி நடப்பதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் ஆர்.டி.ஓ.விடமிருந்து "உங்கள் லைசென்ஸை ஏன் நிறுத்திவைக்கக் கூடாது" என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால், அதற்குக் கெடு முடிவதற்குள் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். அபராதம்தான் கட்டிவிட்டோமே என்று அதைத் தூக்கிப்போட்டுவிட்டால், உங்கள் தரப்பைக் கேட்காமலே முடிவு எடுத்துவிடுவார்கள். லைசென்ஸ் நிறுத்தப்பட்ட காலத்தில் வண்டி ஓட்டி மாட்டினால் அது 500, 1,000 கணக்கில் முடிகிற சங்கதி இல்லை.

தவறு உங்களுடையது இல்லை என்றால்

இங்கேதான் அவசரப்படக் கூடாது. "500 ரூபாய்தானே, யார் அலைவது" என்று கட்டிவிட்டால் அந்த சலான் உங்கள் பெயரில் முடிந்த கணக்காகிவிடும், பிறகு போய், அது என் வண்டியே இல்லை என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. தப்பான சலானை எதிர்க்கிறீர்கள் என்றால் அதைக் கட்டாதீர்கள், கட்டிவிட்டு எதிர்க்க முடியாது.

முதலில் ஆதாரத்தைச் சேருங்கள், அதுவும் சீக்கிரமாக. அந்த நேரத்தில் உங்கள் வண்டி வேறு இடத்தில் இருந்தது என்று காட்டுவதற்கு என்னென்ன இருக்கிறது என்று யோசியுங்கள். கார் என்றால் சுங்கச்சாவடி ஃபாஸ்டேக் மெசேஜ் இருக்கலாம், சர்வீஸுக்கு விட்டிருந்தால் ஜாப் கார்டு இருக்கும், ஆபீஸ் பார்க்கிங்கில் நின்றிருந்தால் அங்கே சிசிடிவி இருக்கும். சிசிடிவி பதிவு நிறைய இடங்களில் சில வாரங்களில் அழிந்துவிடும், அதனால் சலான் வந்த அன்றே போய்க் கேட்பது நல்லது. நோ பார்க்கிங் சலான், ஆனால் அங்கே போர்டே இல்லை என்றால், அன்றைக்கே போய் அந்த இடத்தை நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். மறுவாரம் போனால் புதிதாகப் போர்டு முளைத்திருந்தாலும் இருக்கும்.

அடுத்து, பரிவாகன் இ-சலான் தளத்திலேயே புகார் பதிவு செய்யும் பகுதி இருக்கிறது. பெயர், மொபைல், சலான் நம்பர் எல்லாம் கொடுத்து, என்ன தப்பு என்று நாலு வரியில் எழுதி, ஆதாரத்தை இணைத்து அனுப்பினால் ஒரு டிக்கெட் நம்பர் கிடைக்கும். கூடவே, எந்த டிராஃபிக் ஸ்டேஷன் சலான் போட்டதோ அங்கே எழுத்தில் ஒரு மனு கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்வது இன்னும் பலமானது. மனுவில் கதை வேண்டாம். "சலான் எண் இது, தேதி இது, படத்தில் இருப்பது கறுப்பு நிற வண்டி, என் வண்டி வெள்ளை நிற இன்னொரு மாடல், ஆர்.சி. நகலும் வண்டியின் போட்டோவும் இணைத்திருக்கிறேன், இந்த சலானை ரத்து செய்யக் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதினால் போதும். கேமரா நம்பரைத் தப்பாகப் படித்தது, ஒரே தவறுக்கு அடுத்தடுத்து இரண்டு சலான் விழுந்தது போன்றவை பெரும்பாலும் இந்த அளவிலேயே முடிந்துவிடக்கூடியவை.

உங்கள் நம்பரையே இன்னொருவன் தன் வண்டியில் ஒட்டிக்கொண்டு சுற்றுகிறான் என்று சந்தேகம் வந்தால் கதை வேறு. நீங்கள் போகாத ஊரிலிருந்தெல்லாம் சலான் வரும். அப்போது சலானை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல், உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். அந்த நம்பரை வைத்து நாளைக்கு அவன் ஒரு விபத்து செய்தால் போலீஸ் முதலில் வந்து கதவைத் தட்டுவது உங்கள் வீட்டில்தான், அன்றைக்கு அந்த ரசீதுதான் உங்களுக்காகப் பேசும்.

வண்டி உங்களுடையது, ஆனால் அன்றைக்கு ஓட்டியது மச்சானோ நண்பனோ என்றால்? கேமரா சலான் வண்டி நம்பரைப் பிடித்து வருவதால் உங்கள் பெயருக்குத்தான் வரும். யார் ஓட்டினார் என்று போலீஸ் கேட்டால் அந்த விவரத்தைச் சொல்ல வேண்டிய கடமை வண்டி உரிமையாளருக்கு 133ஆவது பிரிவின்படி இருக்கிறது. நடைமுறையில் இதெல்லாம் வீட்டுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்வார்கள், ஓட்டியவன் காசைக் கொடுப்பான், நீங்கள் கட்டுவீர்கள். ஆனால் லைசென்ஸுக்கு ஆபத்து வருகிற மாதிரியான தவறு என்றால் யார் ஓட்டினார் என்பதை எழுத்தில் சொல்லிவிடுவது உங்களுக்கு நல்லது.

எவையெல்லாம் எடுபடாது என்றும் சொல்லிவிடுகிறேன். "எனக்கு முன்னாடி பத்துப் பேர் போனாங்க", "ஆஸ்பத்திரிக்கு அவசரம்", "பக்கத்துத் தெருவுக்குத்தான் போனேன்", "பின்னாடி உட்கார்ந்தவர்தான் ஹெல்மெட் போடலை". பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம்தான், 129ஆவது பிரிவில் நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் என்றே இருக்கிறது.

கட்டாமல் விட்டால் அது எங்கே போகும்

குறிப்பிட்ட காலத்துக்குள் கட்டாத சலான் கோர்ட்டுக்குப் போகும். கோர்ட் என்றதும் கூண்டு, வக்கீல் என்று நினைக்க வேண்டாம், முதலில் அது போவது மெய்நிகர் நீதிமன்றத்துக்கு, அதாவது ஆன்லைன் கோர்ட்டுக்கு. பரிவாகன் தளத்தில் உங்கள் சலான் நிலை "கோர்ட்டுக்கு அனுப்பப்பட்டது" என்று மாறியிருந்தால், பெரும்பாலும் அங்கே பணம் கட்ட முடியாது, மெய்நிகர் நீதிமன்றத் தளத்துக்குப் போய் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, சலான் நம்பரையோ வண்டி நம்பரையோ போட்டுத் தேட வேண்டும். நீதிபதி சலானைப் பார்த்து ஒரு தொகையை நிர்ணயித்திருப்பார். உங்கள் முன்னால் இரண்டு வழி இருக்கும். சொல்லப்பட்ட அபராதத்தைக் கட்டுகிறேன் என்று கட்டினால் வழக்கு அதோடு முடிந்தது. வழக்கை எதிர்க்கிறேன் என்று கொடுத்தால், அது உங்கள் எல்லைக்குட்பட்ட சாதாரண நீதிமன்றத்துக்கு மாறும், சென்னை என்றால் எழும்பூர், சைதாப்பேட்டை, ஜார்ஜ் டவுன் என்று பகுதியைப் பொறுத்து.

எதிர்க்கிறேன் பட்டனை அழுத்துவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். அதற்குப் பிறகு நேரில் போக வேண்டியிருக்கும், வக்கீல் கட்டாயமில்லை என்றாலும் ஒருநாளில் முடிகிற வேலையாகவும் இருக்காது. 500 ரூபாய் சலானுக்காக இரண்டு நாள் சம்பளத்தை விடுவது லாபமா என்பது அவரவர் கணக்கு. என் அபிப்பிராயம், ஸ்டேஷனிலும் தளத்திலும் எழுதிக் கேட்கிற வரைக்கும் எல்லாரும் செய்ய வேண்டும், அதற்குச் செலவே இல்லை. கோர்ட் வரைக்கும் போவது, தொகை பெரிதாக இருந்தாலோ, லைசென்ஸ் போகும் என்றாலோ, ஓட்டுவதுதான் உங்கள் பிழைப்பு என்றாலோ கட்டாயம் செய்ய வேண்டும். கால் டாக்ஸி, டெலிவரி வேலையில் இருப்பவர்கள் தப்பான சலானைச் சகித்துக்கொள்வதைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் மூன்று மாதம் லைசென்ஸ் இல்லையென்றால் மற்றவர்களுக்கு அது தொந்தரவு, அவர்களுக்கு அது வாடகை பாக்கி.

சலான் நிலுவையில் இருக்கும் வண்டிக்குப் பெயர் மாற்றம், வேறு மாநிலம் கொண்டுபோவதற்கான என்ஓசி (தடையில்லாச் சான்று) போன்ற வேலைகள் ஆர்.டி.ஓ.வில் சிக்கிக்கொள்ளும். சென்னையில் நிலுவை வைத்திருப்பவர்களுக்குப் போன் போட்டு நினைவூட்டவே போலீஸ் கால் சென்டர் தொடங்கியது 2022இல். வாகனச் சோதனையில் நம்பரைத் தட்டினாலே பழைய நிலுவை திரையில் வந்துவிடும், அங்கேயே கட்டச் சொல்வார்கள். "சலானுக்கு 50 சதவீதத் தள்ளுபடி, இன்றே கடைசி" என்று வருகிற ஃபார்வர்டுகளை நம்பிக் காத்திருக்காதீர்கள். 2023 பிப்ரவரியில் அப்படி அறிவித்தது கர்நாடகம், அதற்கு முந்தைய வருடம் தள்ளுபடி கொடுத்தது தெலங்கானா, இரண்டும் அந்தந்த மாநிலத்துச் சலானுக்குத்தான்.

பணம் கட்டித் தீராதவை

குடித்துவிட்டு ஓட்டியது சலான் கட்டி முடிகிற விஷயம் இல்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் 185ஆவது பிரிவு, முதல் தடவைக்கு 10,000 அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ, அடுத்த தடவைக்கு 15,000 அபராதமோ இரண்டு வருடம் வரை சிறையோ இரண்டுமோ. வண்டியைப் பிடித்து வைத்துவிடுவார்கள், குடிக்காத ஒருவர் வந்தால்தான் நீங்கள் வீடு போவதே. ஊதியபோது கருவி என்ன அளவு காட்டியது என்ற ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கோர்ட்டுக்கு நேரில் போக வேண்டியிருக்கும், இந்த ஒன்றுக்கு வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது புத்திசாலித்தனம்.

பதினெட்டு வயது ஆகாத பையன் வண்டி எடுத்துக்கொண்டு போய் மாட்டினால் இன்னும் மோசம். 199ஏ பிரிவின்படி பெற்றோரோ வண்டி உரிமையாளரோதான் குற்றவாளி, 25,000 அபராதம், மூன்று வருடம் வரை சிறை, வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. டியூஷனுக்குத்தானே என்று சாவியைக் கொடுக்கிற வீடுகள் இந்தப் பிரிவை அச்சடித்து ஃபிரிட்ஜில் ஒட்டி வைக்கலாம்.

ரோட்டில் நிறுத்தும்போது

சீருடையில் இருக்கும் போலீஸ் கைகாட்டினால் நிறுத்துங்கள், கேட்டால் ஆவணங்களைக் காட்டுங்கள். டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் ஆப்பிலோ இருக்கும் லைசென்ஸ், ஆர்.சி. இரண்டும் சட்டப்படி செல்லும், ஒரிஜினல் வேண்டும் என்று யாராவது சொன்னால் விதி 139 திருத்தப்பட்டு மின்னணு வடிவமும் ஏற்கப்படுகிறது என்று மரியாதையாகச் சொல்லலாம். போட்டோ எடுத்து கேலரியில் வைத்திருக்கிற ஆர்.சி. படம் அதில் சேராது. லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டால் அதற்கு ஒப்புகைச் சீட்டு கேளுங்கள், 206ஆவது பிரிவின்படி அதைக் கொடுக்க வேண்டும், லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும்வரை, அல்லது சீட்டில் தேதி குறித்திருந்தால் அதுவரை, அந்தச் சீட்டே ஓட்டுவதற்கு அனுமதி. எதற்காக, எந்தப் பிரிவில் போடுகிறீர்கள் சார் என்று கேட்பதில் தப்பே இல்லை. குரலை உயர்த்துவதில்தான் தப்பு, வெயிலில் எட்டு மணி நேரமாக நிற்கிற ஆளிடம் சட்டம் பேசி ஜெயிக்க முடியாது, மறுப்பு இருந்தால் அது எழுத்தில், பிறகு.

இதற்கெல்லாம் முன்னால் செய்திருக்க வேண்டிய இரண்டு வேலைகள்

வண்டியை விற்றவர்கள், பெயர் மாறிவிட்டதா என்று பார்த்தீர்களா? கையெழுத்துப் போட்ட ஃபார்மை புரோக்கரிடம் கொடுத்துவிட்டு வந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். வண்டி ஆர்.டி.ஓ. பதிவில் உங்கள் பெயரில் இருக்கும்வரை சலான் உங்களுக்குத்தான் வரும். சலான் பரவாயில்லை, விபத்து நடந்தால் நஷ்டஈடும் பதிவில் இருக்கும் உரிமையாளர் தலையில்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது. விற்றவர் 14 நாளுக்குள் ஃபார்ம் 29 மூலம் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் ஃபார்ம் 30 கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும். வாங்குகிறவருக்கும் இதில் வேலை இருக்கிறது, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே வண்டி நம்பரைப் போட்டு நிலுவை சலான் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் விலையில் கழியுங்கள் அல்லது கட்டிவிட்டு வரச் சொல்லுங்கள்.

இன்னொன்று மொபைல் நம்பர். நிறைய வண்டிகளில், வாங்கிய ஷோரூம் ஆள் அவசரத்துக்குப் போட்ட நம்பரோ, நீங்கள் எப்போதோ விட்டுவிட்ட பழைய நம்பரோதான் பதிவில் இருக்கும். அப்படியென்றால் சலான் மெசேஜ் யாருக்கோ போய்க்கொண்டிருக்கும், நீங்கள் நமக்கு ஒன்றும் இல்லை என்று நிம்மதியாக இருப்பீர்கள். பரிவாகன் தளத்தில் வண்டி நம்பர், சேசிஸ் நம்பர் எல்லாம் கொடுத்து மொபைல் நம்பரை மாற்றிக்கொள்ளலாம். வீடு மாறியிருந்தால் ஆர்.சி. முகவரியையும் மாற்றுங்கள்.

வெளி மாநிலம் போய் வந்தவர்கள் இன்னொரு இடத்திலும் பார்க்க வேண்டும். கேரளாவில் 2023 ஜூனிலிருந்து ரோடு முழுக்க ஏஐ கேமராக்கள், சபரிமலை, மூணாறு போய்விட்டு வருகிற நம் ஊர்க் கார்களுக்கும் சீட் பெல்ட் சலான் வருகிறது, அது பரிவாகன் தளத்திலேயே தெரியும். தெலங்கானாவுக்குத் தனி சலான் தளம் இருக்கிறது, பெங்களூரு டிராஃபிக் போலீஸுக்கும் தனி ஏற்பாடு இருக்கிறது, அதனால் ஹைதராபாத், பெங்களூரு பக்கம் போய் வந்திருந்தால் பரிவாகனில் ஒன்றும் இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் அங்கேயும் வண்டி நம்பரைப் போட்டு ஒரு தடவை தேடிவிடுங்கள்.